நான் முடித்துக்கொடுத்த சொற்கள்

போன மாதம் ஆரணி தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை செய்த குழந்தைகள் நிலையத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்தான். லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழை ஆங்கிலத்தில் தோய்த்து எடுத்துத்தான் பேசுவாள்.

“அங்கிள், புது ஸ்டாஃப் வருகினம். ஒருக்கா வந்து அந்த ‘சக்க’ ஸ்டோரியைச் சொல்லுங்கோவன். சோ க்யூட்.”

“ஏன் பிள்ளை, வேறை கதை ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

“எல்லாருக்கும் அதுதான் விருப்பம். ஒரு பேபியின்ர ஃபர்ஸ்ட் வேர்ட் உங்கட வாயில இருந்து வந்தது எண்டால் சும்மாவே?”

உடம்பு சரியில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் கதையை ஒரு காலத்தில் நானே தேநீர் நேரங்களில் கையைக் காலை ஆட்டிச் சொல்லித் திரிந்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தினாலும் கதை நிற்கவில்லை. என்னைக் கண்டே இராதவர்கள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில் ஒரு ஆளைக் காணவில்லை. அந்த ஆளையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வருடக்கணக்காகக் காசு வாங்கும் டில்லில் நின்றவன். என் ஆங்கிலம் பஸ்ஸிலும் கடையிலும் பொறுக்கியது. சனம் பேசுகிற பேச்சென்றால் எனக்குப் பலகாரம் மாதிரி. வெண்டிக்காயின் விலையைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா, “உந்தக் காயை வாங்கினால் சமைக்க மனம் வராது தம்பி, கழுத்தில கோத்துப் போட்டுக்கொண்டுதான் திரிய வேணும்” என்றார். இன்னொருவர் இந்த ஊர் வெயிலைப் பற்றிச் சொன்னார்: “பார்சல்காரன் மாதிரி அண்ணை. வந்திட்டுப் போனது எண்டு கார்ட் கிடக்கும், ஆளைக் காணக் கிடையாது.” இப்படியானவற்றைக் கேட்டு வைத்து, அடுத்த வாடிக்கையாளரிடம் என் சரக்குப் போல விற்றுவிடுவேன். கடைக்காரருக்கு என்னால் லாபமும் இருந்தது, வரிசை நகராத தலையிடியும் இருந்தது.

முழங்கால் நோவு வந்து நிற்க ஏலாமல் போனபோது, குழந்தைகள் நிலையத்தில் கதவு திறந்து பூட்டுகிற, கதிரை அடுக்குகிற வேலை கிடைத்தது. நடைபாதையில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். தாய்மார் உள்ளே பெயர் பதியும்வரை குழந்தைகள் அங்கேயே இருப்பார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? குனிந்து நின்று ஒவ்வொன்றோடும் கதைப்பேன். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அவர்களோடு என்ன பேசுகிறாய்?”

ஜாய்ஸ். அங்கே பேச்சுப் பயிற்சி நிபுணர். பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். அவர் இங்கேயே, குரோய்டனில் பிறந்தவர்.

“மழையைப் பற்றி” என்றேன்.

“அதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள்?”

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். அந்தக் கேள்வியின் எடை எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

அவருடைய சிபாரிசில்தான் மாலை வகுப்புக்குப் போனேன், சான்றிதழ் எடுத்தேன், பேச்சு உதவியாளர் ஆனேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வகுப்பில் நானே வயது கூடியவன், நானே ஒரே ஆண், கேள்வி கேட்டு முடிக்கு முன் கையைத் தூக்குகிறவனும் நானேதான்.

வேலையைக் கற்றது ஜாய்ஸைப் பார்த்துத்தான். அவர் அறைக்குள் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் இருப்பார். நெடிய உடம்பை மடித்து மடித்து, கடைசியில் கன்னத்தைப் பாயில் வைக்கிற அளவுக்குப் போய்விடுவார். குழந்தையின் கண்ணும் அவருடைய கண்ணும் ஒரே உயரத்தில் வரவேண்டும். பிறகு எதுவுமே செய்ய மாட்டார். குழந்தை எதைப் பார்க்கிறது என்று பார்ப்பார். அது பந்தைப் பார்த்தால் “பந்து” என்பார். அது கூரை விளக்கைப் பார்த்தால், கையில் எவ்வளவு நல்ல பொம்மை இருந்தாலும் கீழே வைத்துவிட்டு “விளக்கு” என்பார். ஒரு சொல், இரண்டு சொல். அதோடு வாயை மூடிக்கொள்வார். புருவம் மட்டும் மேலே நிற்கும். ‘இனி உன் முறை’ என்று அந்தப் புருவம் சொல்லும்.

அந்த இடைவெளிதான் வேலை. குழந்தை ஒரு சத்தம் போடும், இல்லாவிட்டால் காலை உதறும், இல்லாவிட்டால் வாயைத் திறந்து மூடும். எதுவானாலும் அது பதில். அதற்கு ஜாய்ஸ் ஒரு மறுபதில் சொல்வார். வாய் திறந்து ஒரு சொல்லும் வராத ஆறு மாதக் குழந்தையோடு, தேநீர்க் கடையில் இரண்டு பேர் இருந்து கதைப்பது போல அவர் கதைத்து முடிப்பதை நான் கண்டிருக்கிறேன். “பேசு பேசு என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். பொறுத்திரு என்று ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை” என்பார். பெரியவர்களிடமும் அப்படித்தான். ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் சனம் வீட்டில் நடப்பதெல்லாவற்றையும் கொட்டிவிடும். பாராட்டென்றால் ஒரு “ம்”. கண்டிப்பும் அதே “ம்”தான். எது எதென்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் இதையெல்லாம் மற்றவர்களுக்கு அழகாக விளக்குவேன். விளக்குவதில் என்னை அடிக்க ஆள் இல்லை. பொறுத்திருப்பதுதான் எனக்கு வராது. ஒரு அறையில் மௌனம் விழுந்தால், பால் பொங்கி வழிவதைப் பார்த்த ஆள் போல எழுந்து ஓடிப்போய் நிறுத்திவிடுவேன்.

சனிக்கிழமை காலையில் தமிழ் அப்பாமாருக்கு ஒரு குழு தொடங்கியபோது அதை என்னிடமே தந்தார்கள். எங்கள் ஆட்களில் அப்பாமார் வருவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். வந்தார்கள். மனைவிக்குச் சனிக்கிழமை ஷிப்ட், வீட்டில் பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாது, போதாததற்கு இங்கே கடிக்க ரோலும் தேநீரும் இலவசம். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த கார்த்திக் என்ற அப்பா முதல் நாளே கேட்டார்:

“அண்ணா, பாட்டெல்லாம் பாடணுமா? எனக்கு வராதுண்ணா. நான் பாடினா என் பையன் அழுவான்.”

“பாடுங்கோ தம்பி. அழுகிறதும் பேச்சுத்தான்.”

“அப்ப என் பையன் நல்லாவே பேசறான். நைட்டெல்லாம் லெக்சர்!”

தொடக்கம் எப்போதும் ஒரே மாதிரி. வட்டமாக இருந்து, ஒவ்வொரு அப்பாவும் தன் பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் அந்தப் பெயருக்கு வணக்கம் பாடுவோம். தன் பெயரைத் தன் அப்பாவின் குரலில் கேட்பது பிள்ளைக்கு முதல் பாடம் என்பது ஜாய்ஸின் எண்ணம்.

அங்கேதான் ரமணன் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ் போய், பல வருடம் உணவகச் சமையலறைகளில் வேலை செய்து, பிறகு லண்டன் வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, சுத்தமான ஆள். தள்ளுவண்டியில் ஒரு பெண் குழந்தை, பதினான்கு மாதம். முந்தின நாள் அவருடைய மனைவி துஷி அழைத்துப் பிள்ளையின் விவரம் சொல்லியிருந்தபடியால் பெயர் எனக்குத் தெரியும். பவிஷா, வீட்டில் பவி.

வட்டத்தில் அவருடைய முறை வந்தது. அவர் பிள்ளையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சற்றுக் குனிந்தார். ஒரு நொடி மௌனம்.

“பவி!” என்றேன் நான். “இது எங்கட பவிஷாக்குட்டி!” எல்லோரும் பாடினார்கள். ரமணன் தலையாட்டினார்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஆள் வெட்கப்படுகிறவர், நான் உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். எதைக் கேட்டாலும் “ஓம்” என்பார், “ம்ம்” என்பார், சிரிப்பார். அதற்கு மேல் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். “வேலையோ, கஷ்டம்தானே.” “நித்திரை இல்லை என்ன, விளங்குது.” நான் சொல்வது பிழையாக இருந்தாலும் ஓம் என்று தலையாட்டுவார். எவ்வளவு இலகுவான மனுசன் என்று நினைத்தேன். சிலவேளை, பாரிஸில் இருந்து வந்த பெருமையோ என்றும் நினைத்திருக்கிறேன்.

பிள்ளையோடு அவர் கதைப்பதில்லை என்று கண்டேன். கண்டுவிட்டு என்ன செய்தேன்? அவரைக் கதைக்க வைக்க வழி பார்க்கவில்லை. அந்த இடத்தை நானே எடுத்துக்கொண்டேன். பவியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்துக் கதைத்தேன். “உங்களுக்கும் ஒரு ஓய்வு தம்பி. ரீயைக் குடியுங்கோ.” அவர் தேநீர்க் கோப்பையோடு சுவர் ஓரம் நிற்பார். நல்ல சுட்டிப் பிள்ளை. நான் என்ன முகம் காட்டினாலும் அதைத் திருப்பிக் காட்டும்.

வசந்தத்தில் ஒருநாள் எல்லோரையும் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். பவிக்கு அப்போது நடை வந்துவிட்டது. அப்பாமார் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, அது புல்லில் தத்தித் தத்தி வாத்துகள் நிற்கும் குளத்தை நோக்கிப் போனது. ரமணன்தான் முதலில் கண்டார். அவருடைய வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினார். குளத்துக்கு வெகு தூரம் முன்னமே பிள்ளையைப் பிடித்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு அடித்தது. அந்தப் படபடப்பைச் சிரிப்பாக்கி விடுவது என் வழக்கம்.

“என்ன தம்பி, ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டால் நிக்குமே பிள்ளை! வாயுக்குள்ள என்ன, கொழுக்கட்டையே வைச்சிருக்கிறியள்?”

எல்லோரும் சிரித்தார்கள். கார்த்திக், “பாரிஸ் கொழுக்கட்டைண்ணா, ஸ்பெஷல்!” என்று தன் பங்குக்கு ஒன்று போட்டார். ரமணனும் சிரித்தார். பிள்ளையின் தலையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஆள் எங்களோடு ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் எல்லோரும் சொல்லுகிற அந்த நாள் வந்தது. ஜாய்ஸ் மூலையில் முக்காலியில் கமராவை வைத்துக் குழுவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வப்போது அப்படிப் பிடிப்பார். பிறகு எங்களுக்கே போட்டுக் காட்டுவார். நான் பவியோடு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டைகள் சரியும்போதெல்லாம் “அடி சக்கை!” என்பேன். அது சின்ன வயதிலிருந்தே என் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். அன்று கோபுரம் சரிந்தது. நான் மூச்சை இழுத்தேன். எனக்கு முன்னமே பவி கையிரண்டையும் உயர்த்திக்கொண்டு, “சக்க!” என்றது.

பிறகென்ன, ஆரவாரம்தான். கை தட்டினோம். கார்த்திக் என்னைக் கட்டிப்பிடித்தார். “அண்ணா, ஃபீஸ் வாங்குங்கண்ணா! என் பையனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க!” நான் பவியைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினேன். நேரம் முடிந்து, ரமணன் பிள்ளையின் சின்னச் சப்பாத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையை நான் உடனே கொடுக்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வைக்கலாம் என்று ஆசை. அவர் காத்து நின்றார். கடைசியில் கொடுத்தபோது, “பாத்தியளே தம்பி, உங்கட மகள் என்ர சீடப்பிள்ளை” என்றேன்.

“ஓம்” என்றார்.

அந்தக் கிழமை முழுக்க அந்தக் கதைதான் என் வாயில். மேலாளர் கூட்டத்தில் சொன்னேன், சமையலறையில் சொன்னேன், தபால்காரருக்கும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஜாய்ஸ் கூப்பிட்டார். படம் பார்க்கத்தான். முதலில் சத்தத்தோடு போட்டார். நான் என் குரலை ரசித்துக்கொண்டே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ரசித்தேன். ஜாய்ஸ் “ம்” என்றார். எந்த “ம்” என்று தெரியவில்லை. பிறகு தொடக்கத்துக்குப் போய், சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார்.

என் குரல் போனதும் மற்றவர்கள் தெரிய ஆரம்பித்தார்கள். பெயர் சொல்லும் வட்டம். ரமணனின் முறை. அவர் குனிகிறார். இரண்டு உதடும் ஒன்றோடொன்று இறுகுகின்றன. தாடை நடுங்குகிறது. கண் மூடுகிறது. பவி தலையை நிமிர்த்தி அவருடைய வாயையே பார்க்கிறது. காத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு அவசரமும் இல்லை. அப்போது படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு ஆடுகிறது. என்னுடைய கை. பிள்ளை திரும்பி என்னைப் பார்க்கிறது. ரமணனின் உதடு இறுக்கம் தளர்கிறது. தலையாட்டுகிறார்.

கட்டைகள் சரிகிற இடத்திலும் அதுதான். “சக்க” என்று சொல்வதற்குச் சற்று முன் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்க்கிறது. அவரும் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். நான் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு என் பக்கம் திருப்புகிறேன்.

ஜாய்ஸ் நிறுத்தினார்.

“அவருக்குத் திக்குவாய் என்று உனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

“எவ்வளவு காலமாக வருகிறார்?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். எல்லோரும் அந்த மௌனத்தில் எதையாவது கொட்டுவார்கள். எனக்குக் கொட்ட ஒன்றும் இருக்கவில்லை. கொழுக்கட்டைதான் நினைவுக்கு வந்தது.

ஒரு மனிதன் தன் பேச்சை மறைக்கச் சிரிப்பையும் “ஓம்” என்ற ஒரு சொல்லையும் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறான். சனத்தின் பேச்சில் உயிரையே வைத்திருக்கிறேன் என்று சொல்லித் திரிந்த எனக்கு, அந்த மனிதனிடமிருந்து முழு வசனம் ஒன்றைக்கூட இதுவரை கேட்கவில்லை என்பது தெரியவில்லை.

அடுத்த கிழமை ஜாய்ஸும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கடை ஒன்றுக்கு மேலே ஒரு படுக்கையறை ஃபிளாட். துஷி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. சீருடையோடேயே இருந்தார். பால் தேநீர் தந்தார். ரமணன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக இருந்தார். “நீ மொழிபெயர்க்க மட்டும் வருகிறாய். சொன்னதைச் சொன்னபடி” என்று வாசலிலேயே ஜாய்ஸ் எனக்குச் சொல்லியிருந்தார்.

வீட்டில் யார் பிள்ளையோடு பேசுவது என்று ஜாய்ஸ் கேட்டார். துஷி ஒளிக்கவில்லை.

“நான்தான் கதைக்கிறன். அவரைக் கதைக்க வேண்டாம் எண்டு சொன்னதும் நான்தான். அவரின்ரயைக் கேட்டுப் பழகினால் பிள்ளைக்கும் திக்கும்.”

ரமணன் தலை நிமிரவில்லை.

“எனக்கு அவரில கோபம் இல்லை அண்ணை” என்றார் துஷி என்னிடம். “பள்ளிக்கூடத்தில இருந்து அவரைச் சனம் பகிடி பண்ணினது எல்லாம் எனக்குத் தெரியும். கலியாண வீட்டில, கடையில, போன் எடுத்தால் போனில. என்ர பிள்ளைக்கும் அது வேணுமே? இஞ்ச வந்தாலும் விடுகினமே? பார்க்கில நீங்களும்தானே...”

அதோடு நிறுத்திவிட்டார். அவருக்கு மரியாதை தெரியும். ஜாய்ஸ் என்னைப் பார்த்தார். சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும். பூங்காவில் நான் என்ன சொன்னேன் என்பதை ஆங்கிலத்தில், என் வாயாலேயே, அவர்கள் முன்னிலையில் ஜாய்ஸுக்குச் சொன்னேன். கொழுக்கட்டை என்றால் என்ன என்றும் விளக்க வேண்டியிருந்தது. விளக்கும்போது அதில் ஒரு துளி சிரிப்பும் இருக்கவில்லை.

ஜாய்ஸ் துஷிக்குப் பதில் சொன்னார். திக்குவது காதால் தொற்றுவதில்லை. சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுண்டு. அதை மறைக்க மாட்டேன் என்றார். ஆனால் வருவதென்றால் அப்பா பேசினாலும் வரும், பேசாவிட்டாலும் வரும். பேசாமல் விட்டால் பிள்ளை இழப்பது அப்பாவின் குரலை மட்டும்தான்.

துஷி கண்ணைத் துடைத்தார். “பெயரும் நான் வைச்சதுதான். நட்சத்திரத்துக்கு ‘ப’ எழுத்து வந்தது. அவருக்கு அந்த எழுத்துத்தான் ஆகக் கஷ்டம். தெரியும். எழுத்தை மாத்தி வைச்சுப் பிறகு பிள்ளைக்கு ஏதும் வந்திட்டால் எண்டு பயம். கேட்டனான். ஓம் எண்டுதான் சொன்னவர்.”

ஜாய்ஸ் ரமணன் பக்கம் திரும்பி, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்றார்.

பிறகு அந்த மௌனம். எனக்கு வாழ்நாளில் அவ்வளவு நீளமான மௌனம் நினைவில் இல்லை. அவர் தொடங்கினார். முதல் சொல்லிலேயே அடைபட்டது. எனக்கு அந்தச் சொல் தெரியும், நாக்கு நுனியில் நிற்கிறது, எடுத்துக் கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு லேசு! பல்லால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பேச்சை உடைத்து, இழுத்து இங்கே எழுத எனக்கு விருப்பம் இல்லை. அவர் சொன்னது இதுதான்:

“நான் கதைக்கிறனான். இவ வேலைக்குப் போனாப் பிறகு. நானும் பிள்ளையும் மட்டும் இருந்தால் எனக்கு அவ்வளவு திக்கிறேல்லை. பெயர் சொல்ல வராது. குஞ்சு எண்டு கூப்பிடுவன். சமைக்கேக்க எல்லாம் சொல்லுவன், இது வெங்காயம், இது உப்பு எண்டு. பிள்ளையும் ஏதோ சொல்லும்.”

துஷி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது தெரியாது.

“அண்ணையின்ர சொல்லைப் பிள்ளை சொன்னது. எல்லாரும் கை தட்டினவை. நான் இவ்வளவு நாள் கதைச்சும் ஒண்டும் வரேல்லை. நல்ல வாயில கேட்டுத்தான் பிள்ளை பழகுது எண்டு விளங்கிச்சு. அண்டையில இருந்து விட்டிட்டன்.”

நான் இதை ஜாய்ஸுக்கு மொழிபெயர்க்க வேண்டும். முதல் தடவையாக எனக்குச் சொல் வரவில்லை. ஜாய்ஸ் காத்திருந்தார். ரமணனும் காத்திருந்தார். அவர் எனக்கு எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு ஜாய்ஸ் அவரிடம் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: “நீங்கள் உப்பென்றும் வெங்காயமென்றும் சொல்லி அவளோடு மாறி மாறிப் பேசியபடியால்தான் அவளுக்குச் சொல் வர ஆயத்தமாக இருந்தது. கடைசிக் கட்டையை வைத்தது இவர். கோபுரம் உங்களுடையது.” நான் அதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

சனிக்கிழமைக் குழுவுக்குத் தொடர்ந்து வருவீர்களா என்று கேட்டார். ரமணன் யோசித்தார். பிறகு நேரே என்னைப் பார்த்து, மெல்லச் சொன்னார். நீண்ட நேரம் எடுத்தது.

“வாறன். ஆனால் அண்ணை அறைக்குள்ள நிக்காட்டில் எனக்குச் சுகம்.”

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜாய்ஸ் என்னை ஆறுதல்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். “ம்” கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளித் தவணை முழுக்க, குழுவை ஜாய்ஸ் நடத்தினார். நான் சமையலறையில் தேநீர் போட்டேன், கோப்பை கழுவினேன். தேநீர்த் தட்டைக் கொடுக்கச் சமையலறைச் சுவரில் ஒரு சின்னக் கதவுச் சாளரம் உண்டு. கார்த்திக் அதற்குள்ளால் தலையை விட்டார்.

“என்னண்ணா, உள்ள பிளக்கைப் புடுங்கின மாதிரி இருக்கு! உங்க சத்தமே இல்ல.”

“தொண்டை நோகுது தம்பி.”

“ஐயய்யோ, உங்களுக்கா? லீவு போட்டுட்டு டாக்டரைப் பாருங்கண்ணா, சீரியஸ் கேஸ்!”

ஒருநாள் கோப்பை அடுக்கும்போது அந்தச் சாளரம் சற்றுத் திறந்து கிடந்தது. ரமணன் கன்னம் பாயில் படக் கிடந்தார். பவி எதிரே குந்தியிருந்தது. யன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று போக, பிள்ளை அதைப் பார்த்தது. அவரும் பார்த்தார். உதடுகள் இறுகின. சுற்றி மற்ற அப்பாமார் இருந்தார்கள். என்றாலும் அவர் விடவில்லை. கண்ணையும் மூடவில்லை. என் தொண்டைக்குள் அந்தச் சொல் வந்து முட்டியது. பாத்திரம் துடைக்கும் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிள்ளை அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை, சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. பஸ் போய் வெகு நேரத்துக்குப் பிறகு அவருடைய வாயில் ‘பஸ்’ வந்தது. உடனே பிள்ளை விரலை யன்னலுக்கு நீட்டி, சொல்லில்லாத ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தது. “அப்பிடியே? ஆரார் ஏறினவை?” என்று அவர் தடங்கல் ஒன்றும் இல்லாமல் கேட்டார். பிள்ளை மறுபடி சொன்னது. அவர் மறுபடி கேட்டார். நான் சாளரத்தைச் சத்தமில்லாமல் சாத்தினேன். அங்கே எனக்கு வேலை இல்லை.

தவணை முடிந்த அன்று நடைபாதையில் அவரைத் தனியே கண்டேன். பவியைத் தள்ளுவண்டியில் வைத்துப் பட்டி பூட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க நாட்கணக்காகச் சொல் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். கொழுக்கட்டையைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன், பிள்ளையைக் கொடுக்காமல் வைத்திருந்ததைச் சொன்னேன். நல்லாய்த்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அதுதானே எனக்கு வரும். அவர் குனிந்தபடியே முழுவதையும் கேட்டார். ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை.

நான் முடித்ததும் அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். சொல்ல அவரிடம் ஏதோ இருந்தது. இரண்டு உதடும் சேர்ந்தன. தாடை நடுங்கியது. ‘ப’தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. போதாத நேரம் என்பது மட்டும் தெரியும்.

“பரவாயில்லை எண்டுறியளோ தம்பி?” என்றேன்.

அவருடைய உதடு தளர்ந்தது. வழக்கம் போல ஓம் என்று தலையாட்டுவார் என்று நினைத்தேன். ஆட்டவில்லை. இல்லை என்று, ஒரே ஒரு தரம், மெதுவாகத் தலையை அசைத்தார். பிறகு தள்ளுவண்டியைத் திருப்பி, குனிந்து, “வா குஞ்சு, மழை வரப்போகுது, கெதியாப் போவம், என்ன?” என்று பிள்ளையோடு கதைத்துக்கொண்டே கதவைத் தள்ளி வெளியே போனார். பிள்ளை என்னவோ பதில் சொன்னது.

அவர் எனக்குச் சொல்ல வந்தது என்ன சொல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.